சோலையம்மாள் தேடிய இயர்போன்

சிவகாசியில் காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் ரத்தினசாமி அண்ணாச்சி வீட்டில் சோலையம்மாள் பதினேழு வருஷமாகச் சமைக்கிறாள். சமைக்கிறாள் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "அந்த வீட்டைப் பாத்துக்கிறேன்" என்பாள். ஆமத்தூரிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டைத் திறந்து, கோலம் போட்டு, பாலைக் காய்ச்சி வைத்த பிறகுதான் அந்த வீட்டு ஆட்கள் கண்ணைத் திறப்பார்கள். எந்த டப்பாவில் என்ன பருப்பு என்று வீட்டுக்காரி லட்சுமிகாந்தத்துக்கே தெரியாது. அண்ணாச்சியின் பிரஷர் மாத்திரை காலையா ராத்திரியா என்பதையும் இவளைத்தான் கேட்பார்கள்.

லட்சுமிகாந்தம் இவளைவிட நாலு வயது சின்னவள். இருந்தாலும் இவளுக்கு அவள் 'அம்மா', அவளுக்கு இவள் 'சோலையக்கா'. வீட்டுக்கு யார் வந்தாலும், "சோலையக்கா எங்க வீட்டு ஆளு. வேலைக்காரின்னு ஒரு நாளும் நெனச்சதில்ல" என்று லட்சுமிகாந்தம் சொல்லாமல் இருக்க மாட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் சோலையம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். வந்தவர்களுக்குக் கேட்காமலே இன்னும் இரண்டு தோசை வார்ப்பாள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வாய் வராதவர்களை வைத்து இப்படி ஒரு வார்த்தையிலேயே பதினேழு வருஷம் ஓட்டிவிடலாம்.

அந்த வீட்டுக்கு அவள் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். புருஷன் சின்னச்சாமி கண்மாய்க் கரையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கால் வீங்கி, சிறுநீர் நின்று, மூன்றாம் நாள் மதுரையில் உயிர் போனது. கையில் எட்டு வயதுப் பெண் மாரிசெல்வி. தனக்கும் மருந்து ரூமில் ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் என்ற பயத்தில்தான் கம்பெனியை விட்டுவிட்டுச் சமையலுக்கு வந்தாள். வந்த முதல் வாரம் அடுப்படியில் வைத்து இதையெல்லாம் சொன்னபோது லட்சுமிகாந்தமும் கூடவே அழுதாள். தன் சேலைத் தலைப்பாலேயே இவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு டிவியில் பாம்பு வந்தால், "சோலையக்கா இங்கன இருக்காக, சேனல மாத்துங்க" என்று பிள்ளைகளை அதட்டுவாள். அதையெல்லாம் சோலையம்மாள் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அவளுக்கு வேறு எந்த நினைப்பும் கிடையாது. மாரிசெல்வி மாசமாக இருந்தாள். கட்டிக்கொடுத்து நாலு வருஷத்தில் மூன்றாம் மாதம் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று என்று இரண்டு தங்காமல் போய்விட்டது. இப்போது ஏழாம் மாதம். மாடி ஏறக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது, அதிர்ச்சி ஆகவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருமகன் முனியராஜ் பட்டாசு லோடு ஏற்றுகிறவன், வாரத்தில் நாலு நாள் லாரியோடு போய்விடுவான் என்பதால் செல்வி ஆமத்தூரில் அம்மாவோடுதான் இருந்தாள். இந்த ஒரு பிள்ளை மட்டும் பத்திரமாக வெளியே வந்துவிட்டால் போதும் என்று சோலையம்மாள் வேண்டாத சாமி இல்லை.

தீபாவளிக்கு அண்ணாச்சியின் மகன் தருண்குமார் சென்னையிலிருந்து வந்தான். என்ஜினியரிங் படிக்கிறான். காரிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியைத் துணி போட்டு மூடி மாடிக்குத் தூக்கிப் போனான். "மீன் தொட்டி" என்றாள் லட்சுமிகாந்தம். "அவன் ரூம இனி அவனே கூட்டிக்கிறானாம். நீங்க ஏற வேண்டாம்." கழற்றிப் போட்ட ஜட்டியைக்கூட மடிக்கத் தெரியாத பயல் பொறுப்பாக ரூமைக் கூட்டுகிறானே என்று சோலையம்மாள் பூரித்துப்போனாள். ஆமத்தூர் போய் மகளிடமும் சொன்னாள்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வீடு தலைகீழாகக் கிடந்தது. அண்ணாச்சி டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தியிருந்தார்கள்.

"என்னம்மா தேடுறீக?" என்று கேட்டாள் சோலையம்மாள்.

லட்சுமிகாந்தம் ஒரு நிமிஷம் மகனைப் பார்த்தாள். "தம்பியோட இயர்போன் காணோம் சோலையக்கா. ரொம்ப சின்னது. எங்கன உருண்டு போச்சோ தெரியல."

தம்பியின் சாமான் என்றால் சும்மா இருப்பாளா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். பிரிட்ஜுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்குள், மாடிப்படிக்குக் கீழே சுருட்டிப் போட்டிருந்த சாம்பிள் காலண்டர்களுக்கு நடுவில் என்று ஒரு இடம் விடவில்லை. அன்றைக்கு லட்சுமிகாந்தம் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டாள். "கால்ல வாயு பிடிச்சிருக்கு, குனிய முடியல" என்றாள். மேலே நின்றபடியே, "அந்த மூலையிலயும் கைய விட்டுப் பாருங்க சோலையக்கா, நல்லா உள்ள விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாயு பிடித்தவள் எப்படிக் கட்டில் மேல் ஏறினாள் என்று இவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் கால்வலித் தைலம் வேறு தேய்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

இயர்போன் கிடைக்கவில்லை. தருண் காலேஜுக்குக் கிளம்பிப் போனான். அதற்கு மூன்றாம் நாள் லட்சுமிகாந்தம், திருச்செந்தூருக்கு வேண்டுதல், நாலு நாள் அங்கேயே ரூம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றாள்.

"வீட்டப் பூட்டிட்டுப் போனா விளக்கேத்த ஆளில்ல சோலையக்கா. நீங்க இங்கனயே தங்கிக்கங்க."

"செல்வி தனியா இருக்காளேம்மா. முனியராஜ் லோடுக்குப் போயிருக்கான்."

லட்சுமிகாந்தம் கொஞ்சம் யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள். "அவளையும் கூட்டிட்டு வந்துருங்க. நல்ல காத்து, உள்ளேயே பாத்ரூம். மாசமா இருக்கிற பிள்ளைக்கு வசதியா இருக்கும்."

சோலையம்மாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆமத்தூர் வீட்டில் கக்கூஸுக்குப் போவதென்றாலே செல்வி நாலு படி இறங்கி ஏற வேண்டும். ஏசி கீசி வேண்டாம், அந்த வழுவழுத் தரையில் ஃபேனுக்குக் கீழே நாலு நாள் அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று மகளை ஆட்டோவில் வைத்துப் பூப்போலக் கொண்டுவந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் காற்று நன்றாக வரும். அங்கேயே பாயை விரித்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். செல்வி இட்லி தின்றுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துக் கண்ணயர்ந்திருந்தாள். சோலையம்மாள் விளக்குமாற்றோடு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும். அதை ஒட்டிய தரையில் பழைய கால்மிதி ஒன்றை யாரோ சுருட்டிப் போட்ட மாதிரி கிடந்தது. விளக்குமாற்றை நீட்டப் போனவள் நின்றாள். கால்மிதி மூச்சு விட்டது.

பழுப்பில் மஞ்சள் திட்டுத் திட்டாகக் கெட்டியான உடம்பு, நடுவில் தலையைப் புதைத்துப் பந்தாகச் சுருண்டிருந்தது. அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கண்ணாடி விரியன். சின்னச்சாமியைக் கொண்டுபோன அதே சாதி. அதற்கும் மகளின் பாதத்துக்கும் நடுவே ஒன்றரை முழம் இருந்தால் அதிகம்.

தொண்டை வரை வந்த அலறலை அப்படியே விழுங்கினாள். கத்தினால் செல்வி பதறி எழுவாள். பதறினால் வயிற்றில் இருப்பது என்ன ஆகும்? இந்த ஒரே நினைப்புதான் அவளை நிற்க வைத்தது.

"ஏத்தா செல்வி" என்றாள், தினமும் கூப்பிடுகிற குரலில். "எந்திரி தாயி. அங்கன கூட்டணும்."

"இப்பத்தானம்மா படுத்தேன்."

"வெளிய வேப்பமரத்து நெழல்ல போயி உக்காரு. கால மடக்கிக்க. கையை ஊனி மெதுவா எந்திரி. அந்தப் பக்கம் திரும்பாத, தூசி."

செல்வி முனகிக்கொண்டே எழுந்தாள். முழங்காலை ஊன்றி, இடுப்பைப் பிடித்து, ஒவ்வொன்றாக. அவள் ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் சோலையம்மாளுக்கு ஒரு வருஷம் ஓடிவிட்டது. மகள் வெளியே போனதும் கதவைச் சாத்தினாள்.

ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே போடு போட்டிருக்கலாம். ஆனால் மாசமாக இருக்கிற பெண் உள்ள வீட்டில் பாம்பை அடிக்க மாட்டார்கள். அதுவும் அவளைப் பெற்றவள் அடித்தால் பிள்ளைக்கு ஆகாது. போன மாதம் முனியராஜ்கூட ஆமத்தூர் வீட்டில் நுழைந்த சாரையைக் கும்பிட்டுக் குச்சியால் ஒதுக்கித்தான் விட்டான். இரண்டு பிள்ளைகளை இழந்த வீட்டில் யார் இதைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

அடுப்படிக்குப் போய் பிரஸ் ஆட்களுக்குப் பொங்கல் வைக்கிற பெரிய அண்டாவைத் தூக்கி வந்தாள். கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். அந்த நாலு எட்டை எப்படி வைத்தாள் என்று கேட்டால் இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியாது. தொப்பென்று கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிட்டு ஓடிவந்து போனை எடுத்தாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள விரியன் வந்துருச்சும்மா! செல்வி கால்மாட்டுல கெடந்துச்சும்மா!"

அந்தப் பக்கம் லட்சுமிகாந்தத்தின் குரல் எகிறியது. "அடிச்சிராதீக சோலையக்கா! அடிச்சிட்டீகளா?"

"எப்படிம்மா அடிப்பேன், மாசமா இருக்கிறவள வச்சிக்கிட்டு. அண்டாவப் போட்டு மூடியிருக்கேன்."

"முருகா, காப்பாத்துனப்பா!" என்றவள் அடுத்த மூச்சில் கேட்டாள். "காத்துப் போக எடம் இருக்கா? புஜ்ஜிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எந்தப் புஜ்ஜிம்மா?"

"அது விரியன் இல்ல சோலையக்கா. தம்பி வளக்கிற பாம்பு, புஜ்ஜின்னு பேரு. வெளிநாட்டுப் பாம்பு, விஷமே கெடையாது. தொட்டியில இருந்து வெளிய வந்துருச்சு. எட்டு நாளா தேடி அலுத்துப்போனோம். நீங்கதான் கண்டுபிடிப்பீகன்னு எனக்குத் தெரியும்!"

போனை வைத்த பிறகுதான் அந்த எட்டு நாள் அவள் மண்டைக்குள் இறங்கியது. எட்டு நாளைக்கு முன்னால் என்ன நடந்தது? தம்பியின் இயர்போன் தொலைந்தது. கட்டிலுக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பின்னால், செருப்புகளுக்கு நடுவில் அவள் வெறுங்கையை விட்டுத் துழாவினாள். மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கட்டில் மேல் ஏறி நின்று, நல்லா உள்ள விடுங்க என்றாள். சோலையம்மாள் தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் கையால்தான் அன்றைக்குத் தைலமும் தேய்த்துவிட்டாள்.

சரி, பிள்ளை மேல் ஆசை, பயத்தில் புத்தி மழுங்கி ஏதோ செய்துவிட்டார்கள் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். பதினேழு வருஷத்துப் பாசம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? அதற்குள் போன் அடித்தது. விருதுநகரில் கட்டிக்கொடுத்திருக்கும் அண்ணாச்சியின் மூத்த மகள் ஹர்ஷினி. சோலையம்மாள் ஜடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய பெண். கையில் ஒரு வயதுக் குழந்தை.

"சோலையம்மா! கிடைச்சிருச்சாமே, இப்பத்தான் அம்மா சொல்லுச்சு. அப்பாடா! பாப்பாவத் தூக்கிட்டு இந்தப் பக்கம் எட்டியே பாக்கக் கூடாதுன்னு அம்மா ஒரு வாரமா ஒத்தக் கால்ல நின்னுச்சு. உங்களுக்கு எம்புட்டு தைரியம்! தெரிஞ்சும் அங்கன போயி படுத்திருக்கீகளே. 'சோலையக்காவே நான் இருந்து பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாக'ன்னு அம்மா சொன்னப்ப என்னால நம்பவே முடியல."

"அப்படியா தாயி சொன்னாக?"

"ஏன், நீங்க சொல்லலையா?"

சோலையம்மாள் போனை வைத்தாள். அந்தப் பிள்ளையைச் சொல்லி என்ன? அதுவும் ஏமாந்த பிள்ளைதான். இவளுக்கு அதுவரை இருந்த நடுக்கம் நின்றுபோய் வேறொன்று வந்தது. பயம் இல்லை, கோபம்கூட இல்லை. நம்பிய இடத்தில் செருப்படி வாங்கினால் வருமே, அது. தெரியாமல் நடந்திருந்தால் விதி என்று விட்டிருப்பாள். இது உட்கார்ந்து யோசித்து, யாருக்குச் சொல்வது யாருக்கு மறைப்பது என்று பங்கு பிரித்து நடத்திய வேலை. வீட்டு ஆளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்.

முனியராஜுக்குப் போன் போட்டாள். அன்று காலைதான் லோடு இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தான். ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றான். சோலையம்மாள் உள்ளே போய்த் துணிமணிகளை இரண்டு பையில் அடைத்தாள். அடுப்பைத் துடைத்தாள், சாமி விளக்கை மலையேற்றினாள், பாலை எடுத்து பிரிட்ஜில் வைத்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டுக்குப் போறோம்" என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குக் கார் வந்தது. முனியராஜின் ஆட்டோ அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. லட்சுமிகாந்தம் கண்ணாடியை இறக்கி, முதலில் வீட்டு வாசலைத்தான் பார்த்தாள். சோலையம்மாள் மகளை ஆட்டோவில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுக் கார் பக்கம் வந்தாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"கோவிச்சுக்காதீக சோலையக்கா. விஷமில்லாததுதான. எதுக்கு உங்களப் பயமுறுத்தணும்னு..."

"எங்க வீட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். சொல்லியிருந்தா நீங்க இங்கன தங்கியிருப்பீகளா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல" என்றாள் லட்சுமிகாந்தம். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஹர்ஷினிக்குச் சொன்னீக."

"அவ கைப்பிள்ளைக்காரி சோலையக்கா." சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் ஆட்டோவுக்குள் போனது. செல்வி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சோலையம்மாள் விடவில்லை. "நான் மருந்து ரூமுல இருந்தவ. அங்கன ஒருத்தி பொகையப் பாத்தா, கத்திட்டுத்தான் ஓடணும். சண்டைக்காரியா இருந்தாலும் கத்தணும். கத்தாம ஓடுனவ அப்புறம் எங்க மூஞ்சில முழிக்க முடியாது. நீங்க என்னையும் எம்மகளையும் உள்ள கொண்டாந்து உக்கார வச்சிட்டு ஓடிருக்கீக."

காருக்குள்ளிருந்து அண்ணாச்சி, "சரி, சரி, வெயில்ல நின்னு பேச வேண்டாம்" என்றார். அதுதான் சாக்கு என்று லட்சுமிகாந்தம் பழைய குரலுக்கு வந்துவிட்டாள். "தம்பி நைட்டு வந்திருவான். அது வரைக்கும் நீங்க மட்டும் உள்ள இருங்க சோலையக்கா. செல்விய அவ புருஷன் கூட்டிட்டுப் போகட்டும். எனக்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவே நடுங்குது. நம்ம வீட்டுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா?"

நேற்று வரை இந்தக் கடைசி வார்த்தைக்கு உருகியிருப்பாள். இன்று சாவிக்கொத்தை எடுத்துக் கார் ஜன்னலுக்குள் நீட்டினாள். லட்சுமிகாந்தம் வாங்கவில்லை. அவள் மடியில் போட்டுவிட்டுச் சோலையம்மாள் திரும்பி நடந்தாள்.

"சோலையக்கா!" லட்சுமிகாந்தம் அவசரமாகக் காரிலிருந்து இறங்கிவிட்டாள். "அது அண்டாவுக்குள்ளதான இருக்கு? வெளிய வந்திருக்காதுல்ல?"

சோலையம்மாள் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தெரியலையேம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த அம்மா இனி இந்த வீட்டில் கட்டிலை விட்டுக் காலைத் தரையில் வைக்க மாட்டாள். பீரோவைத் திறக்க மாட்டாள், பாத்ரூம் போக மாட்டாள். ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போனாலும் போதும். மனது அதைத்தான் கேட்டது, நன்றாகவே கேட்டது.

"உள்ளதான் இருக்கு" என்றாள். "மாடிப்படிக்குக் கீழ, பேட்டரி பக்கத்துல. மேல குழவி வச்சிருக்கேன். அண்டா அசையல, பூட்டும்போது பாத்துட்டுத்தான் வந்தேன். ஒங்க வீட்டுல எது எங்கன இருக்குன்னு நான் சொல்லிட்டுப் போறேம்மா. நீங்க சொல்லாமப் போனீக."

சோலையம்மாள் மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முனியராஜ் டிரைவரின் தோளைத் தட்டினான். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது சோலையம்மாள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். காரும் கேட்டும் அப்படியே இருந்தன. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு லட்சுமிகாந்தம் தன் வீட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.